எட்டாம் நாள்





நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போய்வந்த மாணவர்கள் நம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பும் கட்டுரைகளைப் படிப்பது என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. பிடிக்கும் என்று சொன்னாலும், பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். விடியற்காலையில் எழுந்தோம், யோகா செய்தோம், கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்தோம், மரக்கன்று நட்டோம், மாலையில் கலை நிகழ்ச்சி, கடைசி நாளில் எல்லோரும் அழுதோம், இது வாழ்நாளில் மறக்க முடியாத அனுபவம். அழுதது உண்மை. மறக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஏழு நாளில் எழுதியவரிடம் என்ன மாறியது, கூடப் போனவர்களிடம் என்ன மாறியது என்று தேடினால் கட்டுரையில் அகப்படாது.

இந்த முறை கைக்கு வந்தவை கட்டுரைகள் அல்ல, நோட்டுகள். பாலக்காட்டு எல்லையில் கோவிந்தாபுரத்தில் முகாம் போட்ட ஒரு கல்லூரியின் மாணவர்கள் ராத்திரி ராத்திரி எழுதிவைத்த கோடு போட்ட நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கல்லூரிப் பெயரும் எழுதியவர் பெயரும் வெளியே வரக் கூடாது என்று ஒரே நிபந்தனை. ஏன் என்று படித்தபோது புரிந்தது. நோட்டில் பூச்சு இல்லை. "கிரேஸ் மார்க்குக்குத்தான் சேர்ந்தேன், சமூக சேவையெல்லாம் சும்மா" என்று ஒருவன் முதல் வரியிலேயே எழுதிவிட்டான். முகாமின் கடைசி மாலை நானும் அங்கே போயிருந்தேன். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கம் முழுக்கக் கோவிந்தாபுரம்.

ஊரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து அம்பராம்பாளையம் வழியாகப் போகும் சாலை கேரளத்துக்குள் காலெடுத்து வைக்கும் இடம் கோவிந்தாபுரம். அதே சாலை கொல்லங்கோடு, நெம்மாறை, வடக்கஞ்சேரி என்று திருச்சூர்வரை போகும். சித்தூர் வட்டம், முதலமடை ஊராட்சி. பாலக்காட்டுக் கணவாயின் காற்று, வரப்போரப் பனைகள், தெற்கே மலைத்தொடர், பக்கத்திலேயே மீன்கரை அணை. எங்கு திரும்பினாலும் மாந்தோப்பு. மற்ற ஊர்களில் மரம் பூத்து நிற்கும்போதே முதலமடை மாம்பழம் பெட்டியேறி டில்லிக்கும் மும்பைக்கும் கிளம்பிவிடும். 'மாங்கோ சிட்டி' என்று ஊருக்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தத் தோப்புகளில் மருந்தடித்தவர்களின் உடம்புக்கும் அங்கு பிறந்த சில பிள்ளைகளுக்கும் என்ன ஆனது என்பது தனிக் கதை. அந்த மருந்தான எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுதும் நிறுத்தி வைத்தபோது காசர்கோட்டோடு முதலமடையின் பெயரும் பேச்சில் இருந்தது.

எல்லை ஊர் என்பதால் அங்கே வாழ்க்கை இரண்டு மாநிலத்தில் நடக்கும். வேலைக்கு இந்தப் பக்கம், சந்தைக்கு அந்தப் பக்கம், பெண் எடுத்தது ஆனைமலையில், ரேஷன் கார்டு முதலமடையில். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது இவர்கள் பட்ட பாடு நமக்கு வந்த கடிதங்களில் பக்கம் பக்கமாக இருந்தது. கடை வாசலில் தமிழ் பேசுவார்கள். ஆபீஸ் தாள் மலையாளத்தில் வரும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருப்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். முகாமின் கடைசி மூன்று நாள் மாணவர்கள் செய்த உருப்படியான வேலைகளில் ஒன்று, வீட்டு உத்தரத்தில் செருகி வைத்திருந்த மலையாள நோட்டீஸ்களை எடுத்துப் படித்துத் தமிழில் சொன்னதுதான். வந்தவர்களில் பாதிப் பேர் தமிழ் தெரியாத மலையாளப் பிள்ளைகள், பாதிப் பேர் மலையாளம் தட்டுத்தடுமாறிப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள். ஒரு நோட்டீஸைப் படித்து முடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கல்லூரியில் ஒரே வராந்தாவில் இரண்டு வருடம் நடந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் அந்தத் திண்ணையில்தான் பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் கடைசி மூன்று நாள் கதை. முதல் மூன்று நாள் வேறு மாதிரி.

முதல் நாள் அட்டவணைப்படி சாக்கடை சுத்தம். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள், மதியத்துக்குள் கொப்புளம். போட்டோ எடுத்தாயிற்று, வாட்ஸ்அப்பில் ஏற்றியாயிற்று. வேலை முடிந்ததும் ஊர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மழை வந்தா மறுபடி இங்கதான் வந்து அடையும், மேல கல்வெட்டு உடைஞ்சு கிடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கல்வெட்டு என்றால் அங்கே சாலைக்கடியில் தண்ணீர் போகும் சிறு பாலம். அதைச் சரிசெய்வது ஊராட்சியின் வேலை, அல்லது பொதுப்பணித் துறையின் வேலை, மாணவர்களால் ஆகாது. அன்று இரவு நோட்டுகளில் சோர்வு தெரிகிறது.

இரண்டாம் நாள் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. பகுதி, அம்பேத்கர் காலனி.

இந்தப் பெயரைச் சிலர் செய்தியில் படித்திருப்பீர்கள். 2017 ஜூன் மாதம் கேரளம் முழுதும் பேசப்பட்ட காலனி அது. அங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் கேரளப் பதிவேட்டில் சக்கிலியர் என்றும், தமிழ்நாட்டில் அருந்ததியர் என்றும் அறியப்படும் மக்கள். டீக்கடையில் தங்களுக்குத் தனி டம்ளர், குழாயடியில் தங்களுக்குத் தனி வரிசை என்று அவர்கள் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். கட்சிகள் வந்தன, அதிகாரிகள் வந்தார்கள், சமபந்தி நடந்தது, கேமராக்கள் வந்து போயின. சாதி ஒழிந்த மாநிலம் என்று கேரளத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்த மாதம் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் இடமில்லை. தனிக்குவளை எந்த மண்ணிலிருந்து எந்த மண்ணுக்குப் போனது என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணக்கெடுக்கப் போன ஒரு மாணவியின் நோட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் மட்டும் இருந்திருக்கிறார். "உக்காரு கண்ணு, டீ வெக்கறேன்" என்றார். இவள், பாட்டிக்கு ஏன் சிரமம் என்ற நல்ல எண்ணத்தில், "வேண்டாம் பாட்டி, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றாள். பாட்டி மறுபடி கேட்கவில்லை. தாளில் இருந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. தண்ணீர் வருகிறதா? வருது. ரேஷன் கிடைக்கிறதா? கிடைக்குது. ஓய்வூதியம்? வருது. குறை ஏதாவது? ஒண்ணுமில்ல. பத்து நிமிடத்தில் தாள் நிறைந்தது. அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் டீ, அங்கேயும் வேண்டாம்.

அன்று இரவு பள்ளி வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாளைப் பேசும்போது இவள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். "அந்த வீதியில டீ வேண்டாம்னு சொன்னா வேற அர்த்தம்" என்றாள். ஒரு பையன் விடவில்லை. "நாம அந்த அர்த்தத்துல சொல்லலையே?" அவள் திருப்பிக் கேட்டாள்: "அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்த ஒரு பேச்சு அன்றைக்கு எழுதப்பட்ட எல்லா நோட்டுகளிலும் இருக்கிறது. ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறார்கள். சிலர் கோபமாக: நல்லது செய்ய வந்தவர்களைக் குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று. சிலர் வெட்கத்தோடு. ஒருவன் மட்டும் தான் இதுவரை சொல்லாத ஒன்றை எழுதியிருந்தான். அவன் வீடும் அப்படி ஒரு காலனியில்தான் இருக்கிறது, கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தை நான் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அவன் அதை வட்டத்தில் சொல்லவில்லை. நோட்டில்தான் எழுதினான். கடைசி நாளுக்கு முந்தைய இரவுதான் வாய்விட்டுச் சொன்னான்.

மறுநாள் காலையில் அந்த மாணவி தனியாகப் போய், "பாட்டி, நேத்து வேண்டாம்னுட்டேன், இன்னிக்குக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது, வெல்லம் போட்டு டீ வந்தது. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பாட்டி பேச ஆரம்பித்துவிட்டார். "தண்ணி வருதான்னு கேட்ட, வருதுன்னேன். எப்ப வருதுன்னு நீ கேக்கலையே?" குழாயில் வருவது எந்த நேரம், ஓய்வூதியம் எத்தனை மாதம் நின்றிருந்தது, ஆபீஸிலிருந்து வந்த தாளை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் எங்கே வைத்திருக்கிறார், எல்லாம் வந்தது. முந்தின நாள் தாளில் "குறை ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்ததை இவள் அடித்துவிட்டுப் பின்பக்கம் முழுக்க எழுதினாள்.

புள்ளிவிவரம் எப்படிப் பொய்யாகிறது என்று இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் சொல்லித் தந்துவிட முடியாது. கேட்ட கேள்வி சரி, வந்த பதிலும் கேட்ட மட்டுக்குச் சரி; தாள் மட்டும் தப்பு. முகாமை நடத்திய திட்ட அலுவலரைப் பாராட்ட வேண்டும். அவர் அட்டவணையைக் கிழித்துவிட்டார் என்றே சொல்லலாம். மூன்றாம் நாள் சாக்கடை வேலையைப் பாதியாகக் குறைத்து, எல்லா வீட்டுக்கும் மறுபடி போகச் சொன்னார். போனால் உட்கார வேண்டும், கொடுத்தால் குடிக்க வேண்டும், தாளைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. திரும்பி வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். மலையாள நோட்டீஸ் படிக்கும் வேலை இப்படித்தான் பிறந்தது.

இந்த இடத்தில் எனக்கு இலங்கையின் ஒரு பழைய முகாம் ஞாபகம் வருகிறது. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன, தன் மாணவர்களையும் சில ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற குக்கிராமத்துக்குப் போனார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அந்தக் கிராமத்தில் இருந்தவர்கள் ரொடியா மக்கள்; சிங்களச் சமூகம் அடியில் தள்ளி வைத்த சாதி. நகரத்து நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, மண் வெட்டினார்கள். பிள்ளைகளை அந்தச் சாதி ஊருக்கு எப்படி அனுப்பலாம் என்று எதிர்ப்பு வந்தது. அந்த விடுமுறை முகாமிலிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். பின்னாளில் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போனது, வடக்கு கிழக்கின் தமிழ் ஊர்களும் அதில் உண்டு. ஆரியரத்னவுக்கு 1969இல் மகசேசே விருது கிடைத்தது. 2024 ஏப்ரலில் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் இயக்கத்தின் அளவைச் சொன்னன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் முகாமில் பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்பது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பாலக்காட்டிலேயே இருக்கிறது. அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம். 1923இல் டி.ஆர். கிருஷ்ணஸ்வாமி ஐயர் தொடங்கியது. பாலக்காட்டுத் தமிழ் அக்ரகாரத்தைச் சேர்ந்த அவர், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கி ஒரே பந்தியில் உண்டு படிக்க இடம் கட்டினார். சொந்தச் சமூகம் அவரை விலக்கி வைத்தது. காந்தி அங்கே வந்து தங்கியிருக்கிறார். கோவிந்தாபுரம் முகாமுக்கு வந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் சபரி ஆசிரமம் தெரிந்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை; நம் பத்திரிகையே அதைப் பற்றி எழுதிப் பல வருடமாகிறது.

இனி தட்டு கழுவிய கதை.

முகாம் என்றால் சமையல் முறை, பாத்திர முறை, குளியல் வரிசை, கழிவறைச் சாவி. இவற்றில்தான் சண்டை வரும், சித்தாந்தத்தில் வராது. முதல் நாள் ஒருவன் எழுதியது: "என் தட்டை நான் கழுவிவிட்டேன். மற்றவர் தட்டு என் பிரச்சினை இல்லை." மூன்றாம் நாள் இரவு வெடித்தது. காலையிலிருந்து அடுப்படியில் நின்ற பெண்கள், குண்டா தேய்க்க ஆண்பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை என்று சமையலை நிறுத்திவிட்டார்கள். அன்று ராத்திரி ஒன்பது மணிவரை சோறு இல்லை. ஆண்பிள்ளைகள் சமைத்த உப்புமாவைப் பற்றிப் பதினோரு நோட்டுகளில் குறிப்பு இருக்கிறது. ஒன்றுகூட நல்ல மாதிரி இல்லை. மறுநாள் முறைப்பட்டியல் புதிதாக எழுதப்பட்டது, சுவரில் ஒட்டப்பட்டது, இந்த முறை பிள்ளைகளே எழுதியது.

புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் குழுக்கள் வளரும் விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கூடுவது, மோதுவது, ஒழுங்குக்கு வருவது, காரியம் நடப்பது என்று நாலு கட்டங்கள் சொன்னார். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இதைப் படம் போட்டுக் காட்டி, மோதல் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுங்கள் என்பார்கள். நான் பார்த்தவரை தாண்டக் கூடாது. சண்டை வராத முகாம்களில் யாரோ இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்திருப்பார்கள்; பெரும்பாலும் பெண்கள், அல்லது ஏற்கெனவே வீட்டில் அந்த வேலை செய்து பழகிய ஏழைப் பிள்ளைகள். ஒற்றுமையான குழு என்று அறிக்கையில் எழுதப்படும். கோவிந்தாபுரத்தில் ஒன்பது மணிவரை பட்டினி கிடந்ததுதான் அந்தக் குழுவுக்கு நடந்த நல்ல காரியம். மூன்றாம் நாள் இரவு டீ பற்றிய கோபமும் தட்டு பற்றிய கோபமும் சேர்ந்தே பேசப்பட்டன என்பதைக் கவனியுங்கள். யார் கையால் வாங்கிக் குடிப்பது, யார் எச்சில் தட்டை யார் கழுவுவது: இரண்டும் நம் ஊரில் ஒரே கேள்வியின் இரண்டு முனை. பிள்ளைகள் அதை எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் கண்டுபிடித்தார்கள்.

1977இல் டக்மன், மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து ஐந்தாவதாக ஒரு கட்டத்தையும் சேர்த்தார்: கலைவது. முகாம் அறிக்கைகளில் அழுகை வருமே, அந்தக் கட்டம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் பிறப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது. அன்றைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். அதற்குப் பத்து வருடம் முன்பே, பட்டம் வாங்கும் முன் எல்லா மாணவரும் கட்டாயம் சேவை செய்தாக வேண்டும் என்ற யோசனை சி.டி. தேஷ்முக் குழுவிடம் போயிற்று. பிறகு கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் திட்டங்களைப் படித்து, விருப்பப்பட்டுச் செய்வதாகவே இருக்கட்டும் என்றார். நல்ல வேளை. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்று விதி வந்தது. இதில் 'தத்தெடுத்த' என்ற சொல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. ஏழு நாள் ஊருக்குள் தங்குவதற்கு முன்னும் பின்னும் அந்த ஊரோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் ஏற்பாடு. நடைமுறையில் இந்த வருடம் ஓர் ஊர், அடுத்த வருடம் வேறு ஊர். எல்லா ஊரிலும் ஒரு பதாகை, ஒரு மரக்கன்று.

சேவைக்குப் போகும் மாணவர்களை முகத்துக்கு நேரே கடிந்தவர் சிந்தனையாளர் இவான் இலிச். 1968 ஏப்ரலில், மெக்சிகோ ஏழைகளுக்கு உதவ முன்வந்த அமெரிக்க மாணவர்களிடம், வாருங்கள், பாருங்கள், படியுங்கள், மலை ஏறுங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். மெக்சிகோவுக்கு வந்த அமெரிக்கப் பிள்ளையும் முதலமடைக்குப் பக்கத்து வட்டத்திலிருந்து வந்த பிள்ளையும் ஒன்றல்ல. நம் பிள்ளை அந்த ஊரின் பஸ்ஸில் நாளையும் போகும். இருந்தாலும் இலிச்சின் முள் ஒன்று நம் காலிலும் தைக்கத்தான் செய்கிறது.

ஏனென்றால் முதலமடைக்கு உழைப்புதானம் சொல்லித்தர வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. பறம்பிக்குளம் காடு இதே ஊராட்சியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வாழும் பழங்குடியினர் சொந்த ஊராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் சேத்துமடை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. 2020 காந்தி ஜெயந்தி அன்று அங்குள்ள தேக்கடிப் பகுதிக் காலனி மக்கள் தாங்களே கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு செம்மணாம்பதியை நோக்கிக் காட்டுக்குள் வழி வெட்டத் தொடங்கினார்கள். பக்கத்து ஊராட்சி பெருமாட்டி. அங்கே பிளாச்சிமடையில் குளிர்பானத் தொழிற்சாலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கிணறு கெட்டுப்போகிறது என்று 2002 ஏப்ரலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் முன்னால் நின்றவர் எரவாளர் இனத்து மயிலம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். தொழிற்சாலை 2004 மார்ச்சில் நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்தார். இப்படிப்பட்ட அக்கம்பக்கம் உள்ள ஊருக்கு 'விழிப்புணர்வுப் பேரணி' என்று பலகை பிடித்துப் போனால், ஊர் சிரிக்காமல் வழிவிட்டு நிற்பது அதன் பெருந்தன்மை.

கடைசி மாலை நான் போனபோது நிறைவு விழா மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சான்றிதழ், சால்வை, மைக். நான் காலனிப் பக்கம் நடந்தேன். வெல்லம் போட்டு டீ கொடுத்த பாட்டியைச் சந்தித்தேன். பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். "நல்ல புள்ளைங்க. வந்த அன்னிக்கு எதுவும் தெரியல. இப்பத் தேவல" என்றார். முகாமைப் பற்றி நான் கேட்ட மதிப்பீடுகளில் இதுவே சரியானது. பிள்ளைகள் ஊருக்குக் கற்றுக்கொடுக்க வந்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஏழு நாளும் ஊர் தன் வேலையை விட்டுவிட்டு, தன் சர்க்கரையையும் வெல்லத்தையும் செலவழித்து, ஐம்பது பேரை வளர்த்திருக்கிறது. அந்தச் செலவு எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறவில்லை. ஊரைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருக்கும்: 'ஊர்ப் பொதுமக்களுக்கு நன்றி'.

பிள்ளைகளின் வளர்ச்சியைப் பற்றி ஏழாம் நாள் எழுதும் எதையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. அன்று மனசு இளகியிருக்கும். எட்டாம் நாள் எழுதினால் தெரியும். அதனால் முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சிலரோடு மறுபடி பேசினேன். கிரேஸ் மார்க்குக்காகச் சேர்ந்தவன் வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறானாம், அவன் அம்மா, "என்னடா உடம்புக்கு ஏதாவதா?" என்று பயந்துவிட்டாராம். முறைப்பட்டியல் எழுதிய இருவர் இப்போது பேசிக்கொள்வதில்லை. வேறு ஏதோ சண்டை. தன் காலனி வீட்டைப் பற்றி நோட்டில் எழுதிய பையன் அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கல்லூரியில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறான். நோட்டீஸ் படித்துச் சொன்னவர்களில் நாலைந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கோவிந்தாபுரம் போய், நின்றுபோன ஓய்வூதிய விண்ணப்பங்களைத் தொடர்கிறார்கள். சிலருக்கு வந்துவிட்டது, சிலருக்கு இன்னும் இல்லை. மற்றவர்கள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டார்கள். அதுவும் நியாயம்தான். உடைந்த கல்வெட்டுக்காக ஊராட்சிக்கு மனு போயிருக்கிறது. கல்வெட்டு நான் கேட்டபோது உடைந்தேதான் இருந்தது.

இதை ஒரு வெற்றிக் கதை என்று நான் தலைப்பிடவில்லை. ஐம்பதில் நாலைந்து பேர் திரும்பிப் போகிறார்கள். என் அனுபவத்தில் அது நல்ல விகிதம்.

திட்ட அலுவலர்களாக இருக்கும் வாசகர்களிடம் சில கோரிக்கைகள். அடுத்த வருடம் ஊரை மாற்றாதீர்கள். போன ஊருக்கே போங்கள், அதே வீடுகளுக்குப் போங்கள். அட்டவணையில் ராத்திரிப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கலைநிகழ்ச்சி ஒத்திகைக்காக அதைச் சாப்பிட்டுவிடாதீர்கள். பாத்திரம் யார் தேய்க்கிறார்கள் என்று ஒரு கண் வையுங்கள். நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசி முடித்த பிறகு நேரம் மிச்சமிருந்தால், ஊர்க்காரர் ஒருவரிடம் மைக்கைக் கொடுங்கள். மிச்சமிருக்காது என்று தெரியும். சிறப்பு விருந்தினரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாணவ வாசகர்களுக்கு: இந்த நோட்டுகளிலிருந்து சில பக்கங்களை, பெயர் நீக்கி, உள்ளே தனிப் பகுதியாகப் போட்டிருக்கிறோம். படித்துவிட்டு உங்களுடையதை அனுப்புங்கள். எத்தனை மரம் நட்டீர்கள் என்று எழுத வேண்டாம். முகாம் முடிந்து ஒரு மாதமாவது கழித்து எழுதுங்கள். உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரரிடம் போய், எங்களைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். தமிழோ, மலையாளமோ, இரண்டும் கலந்ததோ, திருத்தாமல் போடுகிறோம். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள். பத்திரிகை வந்ததும் ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் போகும். படிக்கத் தெரியாதவர் என்றால் நீங்களே எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்